எல்லாரும் ஒரே கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. தருமபுரம் பக்கம் வீடு. நாலு வருடமாக ஆடைத் தொழிற்சாலையில், துணி விளிம்பைச் சீவி நூல் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெசினில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். போன வருடம் நான் படித்த பள்ளிக்கூடத்தின் தமிழ்த்தினப் போட்டி நாடகத்துக்கு, பதினொரு பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். வன்னி அரசன் பண்டாரவன்னியன் கதை. நடுவர் ஒருவர், "உடுப்பெல்லாம் நல்ல வடிவு. ஆனால் எல்லாரும் ஒரே கலியாண வீட்டுக்கு வந்த ஆக்கள் மாதிரி இருக்கினம்" என்றார். அது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. இப்போது வவுனியாவில் குறும்படம் எடுக்கும் பெடியள் சிலர், 1996 இல் வன்னியில் நடக்கும் கதை ஒன்றுக்கு உடை செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆறு பாத்திரம், நாலு நாள் படப்பிடிப்பு. இதைத் தொழிலாகச் செய்யலாமா? பட்டம் வேண்டுமா? கொழும்புக்கோ சென்னைக்கோ போக வேண்டுமா? வீட்டில் ஒரு சாதாரணத் தையல் மெசின்தான் இருக்கிறது. எவ்வளவு காசு கேட்பது என்றும் தெரியவில்லை.

பதில்: தங்கச்சி, அந்த நடுவர் உங்கள் தையலில் பிழை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பதினொரு பேருக்கும் ஒரே நாளில், ஒரே புடவைக்கடையில், ஒரே மாதிரியான பளபளப்புச் சாட்டின் துணி வாங்கியிருப்பீர்கள். பதினொன்றும் புதிது, எல்லாம் ஸ்திரிக்கை போட்டது, எல்லாம் அளவுக்குக் கச்சிதம். மேடையில் வன்னி அரசனும் ஏவலாளும் எல்லையில் காவல் நிற்பவனும் ஒரே மாதிரிப் புதுத்துணியில் நின்றால், பார்ப்பவருக்கு அவர்களுடைய வாழ்க்கை தெரியாது, தையற்காரியின் கைத்திறன் மட்டும்தான் தெரியும். தையலும் உடை வடிவமைப்பும் பிரிகிற இடம் இதுதான். உங்களுடைய மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இதிலிருந்துதான் வர வேண்டும்.

ஒவ்வொரு பாத்திரத்தின் ஒவ்வொரு உடுப்புக்கும் துணி வாங்க முதல் நாலு விடயம் எழுதி வையுங்கள்: இதை யார் வாங்கினார், எப்போது வாங்கினார், இப்போது எத்தனையாவது வருடமாக உடுக்கிறார், எந்த இடத்தில் தேய்ந்திருக்கும். காவற்காரன் தகப்பனின் சால்வையைக் கட்டியிருக்கலாம். ஏவலாளுக்கு அரசன் உடுத்துக் கழித்த துணி வந்திருக்கலாம், அப்படியென்றால் அது அவனுக்குக் கொஞ்சம் பெரிதாயிருக்க வேண்டும். இந்த நாலையும் எழுதினாலே பதினொரு உடுப்பும் பதினொரு மாதிரிப் பிரிந்துவிடும். பிறகு எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து, போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை எவ்வளவு மாற்றியிருந்தாலும் பயனில்லை. கடும் சிவப்பும் கடும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்தாவது வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் மங்கல் வெளிச்சத்தில் அப்படித்தான் படும். முக்கிய பாத்திரத்தின் உடுப்பு, சுற்றி நிற்பவர்களைவிட வெளிறியதாகவோ கடுமையாகவோ இருக்க வேண்டும்.

பண்டாரவன்னியன் கதையை இனியும் செய்வீர்கள், வன்னிப் பள்ளிக்கூடங்கள் அதை விடப்போவதில்லை. அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 இல். சிப் என்ற பொருளே இருபதாம் நூற்றாண்டில்தான் உடுப்புக்கு வந்தது. பொலியெஸ்டர் சாட்டின் அதற்கும் பிந்தியது. சினிமாச் சக்கரவர்த்தி போல நெஞ்சு முழுக்கச் சரிகை ஒட்டுவதைவிட, கனமான பருத்தித் துணியைக் கரைபோட்டு, முடிச்சாலும் நாடாவாலும் கட்டினால் காலத்துக்குக் கிட்டவும் வரும், செலவும் குறையும். கரையை மூன்று அங்குல அகலத்துக்குக் குறையாமல் வையுங்கள், அரை அங்குலக் கரை நாலாவது வரிசைக்கு அப்பால் தெரியாது.

தொழிற்சாலையில் படித்ததில் எதைக் கொண்டுவரலாம், எதை மறக்க வேண்டும்? வேகம், நேர்தையல், ஒரே வேலையைப் பத்துத் தரம் ஒரே மாதிரிச் செய்யும் கை, இவை உங்கள் மூலதனம். குழு நடனத்துக்குப் பத்து உடுப்பு ஒரு கிழமையில் கேட்கும்போது இதன் பெறுமதி தெரியும். மறக்க வேண்டியது, தையலுக்கு உள்ளே ஒரு சென்ரிமீற்றர் மட்டும் விட்டு மிச்சத்தை ஓவர்லொக் கத்தியால் சீவும் பழக்கம். வேட உடுப்பு ஒருவரோடு முடிவதில்லை. பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம், முதுகு நடுவில் ஒரு அங்குலம், கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே விடுங்கள். அடுத்த வருடம் வேறு பிள்ளைக்குப் பிரித்துத் தைக்கலாம். உள்விளிம்பை முதலில் ஓவர்லொக் அடித்துவிட்டுப் பிறகு தையுங்கள், தைத்த பிறகு அடித்தால் விரிக்க இடமிருக்காது. கொக்கிக்கு ஒரு வரிசைக்குப் பதிலாக முக்கால் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை வளையம் வையுங்கள்.

அளவு எடுப்பதும் மாற வேண்டும். நெஞ்சு, இடுப்பு, உயரம் என்ற மூன்று அளவோடு மேடைக்குப் போனால் முதல் காட்சியிலேயே கிழியும். நின்று எடுக்கும் அளவோடு, கை மேலே தூக்கியபோது அக்குளிலிருந்து இடுப்புவரை, இருந்தபோது இடுப்பிலிருந்து கதிரை மட்டம்வரை, குனிந்தபோது கழுத்தெலும்பிலிருந்து முதுகுவழியாக இடுப்புவரை எடுங்கள். தலைச் சுற்றளவையும் பாத நீளத்தையும் மறக்கவே வேண்டாம். தலையில் வைக்கும் முடியும் செருப்பும் கடைசி நாளில் பிரச்சினை கொடுப்பவை.

இனிக் குறும்படம். எழுத்துருவை மூன்று தரம் வாசியுங்கள். முதல் தரம் கதைக்காக, கையில் பேனை வேண்டாம். இரண்டாம் தரம் கதைநாள் பிரிப்பதற்கு. கதைநாள் என்பது படப்பிடிப்பு நாள் இல்லை. கதைக்குள்ளே விடிந்து இருளும் ஒரு நாள். பன்னிரண்டு காட்சி ஐந்து கதைநாளுக்குள் அடங்கலாம். பாத்திரம் உடுப்பு மாற்றுவது பெரும்பாலும் கதைநாள் மாறும்போதுதான். மூன்றாம் தரம் உடுப்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு: நனைகிறதா, சேறு படுகிறதா, கிழிகிறதா, இரத்தம் படுகிறதா, அதை வைத்து யாராவது எதையாவது துடைக்கிறார்களா. இதை ஒரு கட்டப் பட்டியலாகப் போடுங்கள். இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே காட்சி எண்கள், கட்டத்துக்குள் "அம்மா 1", "அம்மா 2" என்று உடுப்பு எண். ஆறு பாத்திரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து உடுப்பு வந்து நிற்கும். நெறியாளர் "ஆறு பேர்தானே, ஆறு உடுப்பு" என்று நினைத்துக் காசு ஒதுக்கியிருப்பார். பட்டியலைக் காட்டிப் பேசினால் சண்டை வராது.

இரத்தமோ கிழிவோ உள்ள உடுப்பு எப்போதும் மூன்று வேண்டும்: நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வந்தால் இன்னொன்று. மூன்றுக்கும் துணியை ஒரே உருளையிலிருந்து ஒரே நாளில் வெட்டுங்கள். அடுத்த கிழமை அதே கடையில் அதே நிறம் என்று தருவது கமெராவில் வேறு நிறமாக நிற்கும். சீனிப்பாகில் சிவப்புச் சாப்பாட்டு நிறமும் ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளும் கலந்த இரத்தம் பார்க்கச் சரியாக இருக்கும். உடுப்பில் படுவதற்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளி சேர்த்தால் தோய்க்கும்போது சுலபமாகப் போகும். வாயிலோ கண்ணருகிலோ படுவதில் சேர்க்கக் கூடாது.

1996 என்பதால் சில விடயம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் தட்டுப்பாடாக இருந்த காலம். பனங்காய்ச் சாற்றில் உடுப்புத் தோய்த்தவர்களைக் கேட்டால் வெள்ளைச் சேட்டில் ஏறிய அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்வார்கள். ஆகவே உங்கள் கதையில் கடைவெள்ளை ஒன்றும் இருக்க முடியாது, பள்ளிச் சீருடை உட்பட. கமெராவுக்கும் இது நல்லது, சுத்த வெள்ளை வெயிலில் வெடித்து முகத்தை மங்கச் செய்யும். ஆனால் இடம்பெயர்ந்தவர்கள் என்றவுடன் எல்லாருக்கும் கந்தலும் அழுக்கும் பூசிவிடாதீர்கள். இந்தப் பிழையைத்தான் அதிகம் காண்கிறோம். இல்லாமை வேறு, ஊத்தை வேறு. ஒரே சேலையை இரவில் தோய்த்துக் காலையில் உடுத்த பெண்ணின் சேலை சுத்தமாக இருக்கும். நிறம் போயிருக்கும், கொய்யகம் விழும் இடத்தில் நூல் மெலிந்திருக்கும், பின் குத்திக் குத்தித் தோளில் ஓட்டை இருக்கும். கோயிலுக்கென்று பத்திரப்படுத்திய ஒரு நைலெக்ஸ் சேலையும் அவளிடம் இருக்கலாம். அது எந்தக் காட்சியில் வெளியே வருகிறது என்று நெறியாளரிடம் கேளுங்கள். எழுத்துருவில் இல்லாவிட்டால் அவர் யோசிக்கத் தொடங்குவார்.

ஆதாரத்துக்கு ஊரிலே கேட்டு அந்தக் காலப் படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைப் படம் உதவாது, கலியாண வீட்டுப் படத்தில் முன்வரிசையும் உதவாது. பின்னுக்கு அடுப்படியில் நிற்பவர்கள், மதிலோரம் சைக்கிளோடு நிற்பவர்கள், அவர்கள்தான் அன்றாட உடுப்பில் இருப்பார்கள். சேட்டுக் கொலரின் நீளம், களிசானின் கால் அகலம், பாவாடை எந்த உயரத்தில் நிற்கிறது, காலில் பாட்டாவா வெறுங்காலா, இந்த நாலையும் குறியுங்கள். ஊரில் தைத்த பழைய சேட்டு உள்ளே மடித்துத் தைத்திருக்கும். நீங்கள் கைப்பழக்கத்தில் ஓவர்லொக் அடித்துவிட்டால், நடிகர் கையை மடிக்கும்போது அந்த நூல்வலை கமெராவில் தெரியும்.

புதுத்துணியைப் பழசாக்குவதுதான் இந்த வேலையில் அதிகம் பிழை விடும் பகுதி, அதனால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் துணி என்ன என்று பாருங்கள். ஓரத்தில் நாலு நூல் இழுத்துக் கொளுத்துங்கள். கடதாசி போல எரிந்து மென்சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்த கட்டியானால் பொலியெஸ்டர், தேயிலைச் சாயம் அதில் ஏறாது. இரண்டும் கலந்ததில் பாதி ஏறும்.

ஒரு சேட்டுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், 100 கிராம் தேயிலைத் தூள். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியால் இரண்டு தரம் வடியுங்கள், ஒரு தூள் தங்கினாலும் புள்ளி விழும். சேட்டை முதலே தோய்த்துக் கஞ்சியைப் போக்கி, ஈரமாகவே இறக்குங்கள். காய்ந்த துணியை இறக்கினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கைவிடாமல் பிரட்டிக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும், ஆகவே வேண்டியதைவிடக் கொஞ்சம் கடுமையில் எடுக்க வேண்டும். வெள்ளையின் பளிச்சை மட்டும் கொல்வதென்றால் லீற்றருக்கு 5 கிராமும் மூன்று நிமிடமும் போதும். உப்புப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்வார்கள், தேயிலைக்கு அது பெரிதாக உதவாது. மஞ்சள் தூள் கலக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சவர்க்காரம் பட்டதும் சிவக்கும், வெயிலில் போய்விடும்.

இந்த இடத்தில் எங்கள் தண்ணீர் விளையாடும். வன்னிக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட, சில குழாய்க்கிணற்றில் இரும்பும் கூட. வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணீரை எடுத்து இரண்டு கரண்டி சாயத் தேநீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். சாம்பலாகக் கறுத்தால் அந்தத் தண்ணீரில் உங்கள் சேட்டும் பொன்னிறமாகாது, அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். மாரியில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் இதற்கு நல்லது. துருப்பிடித்த வாளியும் வேண்டாம், அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ பாவியுங்கள். இதையே உதவியாகவும் எடுக்கலாம்: வேண்டுமென்றே சாம்பல் நிறம் தேவையென்றால் பழைய ஆணிகளை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவைத்த நீரில் ஒரு மேசைக்கரண்டியைக் கலந்தால் போதும். கூடினால் துணி நாளடைவில் இற்றுப்போகும்.

நிறம் போன பிறகு தேய்மானம். சேட்டுக்குள்ளே பலகைத் துண்டு வைத்து, கொலர் விளிம்பு, பொக்கற் வாய், கை விளிம்பு, முழங்கை, சாரமென்றால் உட்காரும் இடம், இவற்றை மட்டும் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். எல்லா இடத்தையும் ஒரே அளவில் தேய்த்தால் உடனே செயற்கை என்று தெரியும். வயலில் நின்றவன் சேட்டில் வெயில் தோளையும் மேல்முதுகையும்தான் வெளிற வைக்கும், அக்குளின் கீழ் பழைய நிறம் அப்படியே இருக்கும். பிளீச் பாவிப்பதென்றால் பருத்தியில் மட்டும், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வெளியில் வைத்து, கையுறையோடு. பட்டுத்துணியைப் பிளீச் தின்றுவிடும். பிளீச்சை நிறுத்த வினாகிரி ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும், நல்ல தண்ணீரில் பல தரம் அலசுங்கள்.

கடைசியாக மண். கிரவல் வீதித் தூசி செம்மை, வயற்சேறு காய்ந்தால் சாம்பல், முல்லைத்தீவுக் கரை மணல் ஒட்டாது, அங்கே கடல்நீர் காய்ந்த வெள்ளை உப்புக்கோடுதான் வேண்டும். கதை நடக்கும் இடத்து மண்ணையே எடுத்து மெல்லிய துணியில் அரித்து, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வெள்ளைப் பசை விட்டுக் கலந்து, பழைய பல்பிரஷால் கீழிருந்து மேலே தெறியுங்கள். வெறும் மண்ணைப் பூசினால் இரண்டு ஷொட்டில் உதிர்ந்துவிடும், மூன்றாவதில் உடுப்பு வேறு. பொருந்தாத படத்தை எடிட்டர் வெட்டுவார், பழி உங்கள் மேல் வரும்.

தொடர்ச்சியும் உங்கள் பொறுப்புத்தான். காட்சி ஒன்பது முதல் நாளும் காட்சி மூன்று கடைசி நாளும் எடுப்பார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர் உடுப்பு மாற்றுவதற்கு முதல், முன், பின், இரண்டு பக்கம் என்று நாலு படம் எடுங்கள். கையில் பாத்திரப் பெயரும் காட்சி எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். சேட்டில் எத்தனை பொத்தான் பூட்டியிருந்தது, கை எத்தனை மடிப்பு, தாவணி எந்தத் தோள், பொட்டு எந்த அளவு என்று கொப்பியில் எழுதுங்கள். போன் பற்றரி இறங்கினாலும் கொப்பி இறங்காது.

ஜாம்போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கில் இரவுக் காட்சி இருந்தால் நீலமும் பச்சையும் கறுப்பாகிவிடும், அந்தக் காட்சிக்கு மண்ணிறம், வெளிர்மஞ்சள், மங்கல் சிவப்பு எடுங்கள். நெருக்கமான கோடும் சிறு கட்டமும் கமெராவில் அலையடிக்கும். நேரடியாகக் குரல் பதிகிறார்கள் என்றால் மொறமொறக்கும் சேலையும் கண்ணாடி வளையலும் ஒலிக்காரருக்குத் தலையிடி, மைக் வைக்கும் இடத்தில் பருத்தி உள்ளாடை ஒன்று இருக்கட்டும்.

ஒன்று கண்டிப்பாக. 1996 கதையென்றால் சீருடை வரும். இராணுவ, பொலிஸ் சீருடையோ அதைப் போன்ற புள்ளித்துணியோ, தடைசெய்யப்பட்ட அமைப்பின் சீருடையோ சின்னமோ, படத்துக்குத்தானே என்று தைத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். அனுமதி எடுப்பது தயாரிப்பாளரின் வேலை. எழுத்தில் அனுமதி கைக்கு வராமல் துணி வெட்டுவதில்லை என்று முதல் நாளே சொல்லுங்கள். பெரும்பாலான காட்சிகளைச் சப்பாத்தும் நிழலும் குரலும் வைத்து எடுத்துவிடலாம், அதை நெறியாளருக்கு நீங்களே சொல்லலாம்.

படம் வருடத்தில் ஒன்றோ இரண்டோ வரும். அடுப்பு எரிவது பள்ளிக்கூட மேடையால். வன்னியில் வருடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்: தை முதல் பங்குனிவரை இல்ல விளையாட்டுப் போட்டி, அணிநடை, பிறகு தமிழ்த்தினப் போட்டிகள், கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிக்கொண்டு போகும், புரட்டாதி, ஐப்பசியில் வாணி விழா, கார்த்திகை, மார்கழியில் ஒளிவிழா, முன்பள்ளிகளின் வினோத உடை. இடையில் பிரதேச பண்பாட்டு விழாக்களும் அரங்கேற்றங்களும். இதில் நிலையான வருமானம் நடன உடுப்பு. வாடகைக்குக் கொடுக்க முதலில் பத்து உடுப்புக் கொண்ட ஒரு தொகுதி போதும், எட்டு முதல் பதினொரு வயதுக்கு. அதற்குத்தான் கேள்வி கூட.

பரதநாட்டிய உடுப்பில் கிழியும் இடம் கவடு. நின்ற அளவில் வெட்டினால், முழங்காலை விரித்து மடித்துப் பாதி இருக்கும் அரைமண்டியில் இருந்தவுடன் போய்விடும். பிள்ளையை அரைமண்டியில் இருத்தி, இடுப்பிலிருந்து கவட்டுவழியாகப் பின் இடுப்புவரை அளந்து, அதோடு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கவட்டில் நாலங்குலச் சதுரப் பருத்தித் துண்டு ஒன்றை மூலைவாட்டாக வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். முன்னுக்கு விரியும் மடிப்பான விசிறிக்கு, முடிந்த அகலத்தைப் போல மூன்று மடங்கு துணி வேண்டும்: பத்தங்குல விசிறிக்கு முப்பது அங்குலம். மடிப்பின் பின்பக்கம் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் நாடா பிடித்துத் தைத்தால்தான் தோய்த்த பிறகும் நிற்கும். கீழ் நாடாவை இறுக்கினால் விசிறி விரியாது, அதில் ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே தளர்வு விடுங்கள். செயற்கைப் பட்டில் மடிப்பு சூட்டால் நிலைக்கும், ஆனால் ஈரத்துணி போடாமல் ஸ்திரிக்கை வைத்தால் மினுங்கல் பிடித்து நிரந்தரமாகிவிடும்.

வியர்வைதான் வாடகை உடுப்பின் எமன். அக்குளுக்குள் கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்திப் பட்டை வையுங்கள், வந்த அன்றே உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவிடுங்கள். சரிகையைப் பொலித்தீன் பையில் கட்டினால் மாரியில் பூஞ்சணமும் கறுப்பும் பிடிக்கும். தோய்த்த பழைய பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். பூச்சி உருண்டை சரிகையோடு சேரக் கூடாது, வசம்புத் துண்டைச் சீலையில் முடிந்து போடுங்கள்.

கூத்துக்கு உடுப்புக் கேட்டு வந்தால் வேறு கணக்கு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தோ காத்தவராயனோ, அங்கே உடுப்பின் வடிவம் ஏற்கெனவே ஒரு மரபு. முதலில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய்க் கேட்டு, பழைய உடுப்பு இருந்தால் அதிலேயே அளவெடுங்கள். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும், முதுகும் முகம்தான். முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குத் தைத்துப் பழகியவர்கள் முதுகில் பின் குத்தி விட்டுவிட்டு அங்கே அகப்படுவார்கள்.

காசு. நாலு நாள் படப்பிடிப்பு என்றால் நாலு நாள் சம்பளம் என்று அவர்கள் நினைப்பார்கள். உங்கள் வேலை வாசிப்பு, கொள்முதல், அளவு, பழசாக்கல் என்று முன்னுக்கு எட்டு நாள், படப்பிடிப்பு நாலு நாள், தோய்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள்: பதின்மூன்று நாள். நாளுக்கு 2,500 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்தால் 32,500 ரூபாய். தொழிற்சாலையில் உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதற்குக் குறையாமல் இந்த எண்ணை மாற்றுங்கள். இது கூலி மட்டும். துணி, சாயம், போக்குவரத்து, தோய்ப்பு எல்லாம் வேறு கணக்கு, வேறு உறை, ஒவ்வொரு பற்றுச்சீட்டின் பின்னும் பாத்திரத்தின் பெயர். மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். பொருட்காசில் பாதி கைக்கு வராமல் கடைக்குப் போகாதீர்கள், சொந்தக் காசைப் போட்டுவிட்டு வாங்க அலைவதுதான் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் சொல்லும் முதற் காரணம். உடுப்பு முடிவில் யாருக்கு, எழுத்தோட்டத்தில் "உடை வடிவமைப்பு" என்று உங்கள் பெயர் வருமா, இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெடியள் நண்பர்களாக இருந்தாலும் வாங்குங்கள். வாடகை உடுப்புக்கு, போட்ட காசு ஆறு வாடகையில் திரும்பும்படி விலை வையுங்கள். ஏழாவதிலிருந்து திருத்த வேலை தொடங்கும்.

படிப்பைப் பற்றி. இந்த வேலை தர ஒருவரும் பட்டம் கேட்பதில்லை. அரங்கை ஆழமாகப் படிக்க விருப்பமென்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆடை வடிவமைப்புப் பட்டம் தொழிற்சாலை, சந்தை நோக்கியது, பாத்திரம் நோக்கியது இல்லை. உங்களுக்கு உடனடியாகப் பயன்படுவது தேசிய தொழிற்தகைமைச் (NVQ) சான்றிதழ். நாலு வருட வேலை அனுபவத்தை முன்கற்றலாக மதிப்பிட்டு அதைத் தரும் வழி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சுயதொழில் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் கைகொடுக்கும். சென்னை இப்போது வேண்டாம். அங்கே சினிமா உடைத்துறை சங்க உறுப்புரிமையோடு கட்டுண்டது, சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் சட்டப் பிழை. கொழும்புக்குப் போங்கள், குடியிருக்க அல்ல, துணிக்கு: புறக்கோட்டையிலும் மகரகம பமுணுவையிலும் ஒரு நாள் நடந்தால் எந்தத் துணி என்ன விலை, எது ஒளியில் எப்படி மினுங்குகிறது என்ற மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டு வரலாம்.

தொழிற்சாலை வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். ஒரு முழு வருடச் சுற்று, ஒரு தை முதல் அடுத்த மார்கழிவரை, லீவு நாட்களிலும் இரவிலும் செய்து கணக்கு எழுதுங்கள். அந்தக் கொப்பியில் உடுப்பு வேலையால் வந்தது தொழிற்சாலைச் சம்பளத்தின் முக்காற் பங்கை ஆறு மாதமாவது தொட்டிருந்தால் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். இதற்கிடையில் செய்த வேலைகளில் மூன்றைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு படம் சேருங்கள்: ஆதாரப் படம், துணி மாதிரி, அளவு பார்த்தபோது, மேடை ஒளியில் முழு உருவம். பிள்ளைகளின் முகம் வரும் படத்துக்குப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். புதுமெசின் வாங்கும் யோசனையைத் தள்ளி வைத்து முதலில் ஒரு நல்ல நீராவி ஸ்திரிக்கை வாங்குங்கள், மேடையில் உங்கள் தையலைவிட அதுதான் முதலில் தெரியும்.

வவுனியாப் பெடியளுக்கு இந்தக் கிழமையே மூன்று விடயம் கேட்டு எழுதுங்கள்: இறுதி எழுத்துரு எப்போது கிடைக்கும், ஆறு நடிகரும் முடிவாகிவிட்டார்களா, படப்பிடிப்புக்கு எத்தனை கிழமை இருக்கிறது. மூன்று கிழமைக்குக் குறைவென்றால் பழசாக்க நேரமில்லை, வீடுகளில் கிடக்கும் பழைய உடுப்பைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் நடிகர்களுக்கான செருப்பை முதலே கொடுத்து, அன்றிலிருந்து வீட்டிலும் வளவிலும் அதையே போட்டுத் திரியச் சொல்லுங்கள். சாண்ட் பேப்பரால் செய்ய முடியாத தேய்மானம் அது ஒன்றுதான்.